இழுக்க முடியாத ரயில்: பழைய பொம்மைப் பெட்டிகளுக்கு ஏற்ற இன்ஜினைக் கண்டுபிடிப்பது எப்படி?

1929ஆம் ஆண்டு, அமெரிக்காவின் லயனல் நிறுவனம் தன் பொம்மை ரயில்களுக்காக நான்கு பயணிகள் பெட்டிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பொம்மை என்றுதான் பெயர். ஆனால், பெட்டி ஒவ்வொன்றும் ஏறக்குறைய 54 சென்டிமீட்டர் நீளம். உடல் முழுக்கத் தகரம். கூரையைத் திறந்தால் உள்ளே வரிசையாக இருக்கைகள். கலிஃபோர்னியா, கொலராடோ, இல்லினாய், நியூயார்க் என்று நான்கு மாநிலங்களின் பெயர்களை அவற்றுக்குச் சூட்டியிருந்தார்கள்.

அவற்றை இழுக்க 381இ என்ற இன்ஜின் இருந்தது. மில்வாக்கி ரயில்வேயில் ஓடிய உண்மையான மின்சார இன்ஜினைப் பார்த்துச் செய்யப்பட்டது அது. பெட்டிகளுக்கு ஏற்ற உருவம், ஏற்ற நீளம். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண்ணுக்கு நல்ல பொருத்தம்.

நான்கு பெட்டிகளையும் மாட்டி ஓட்டினால் இன்ஜின் திணறியது! பெட்டிகளின் கனத்தை அதனால் சமாளிக்க முடியவில்லை. பிறகு, இரண்டு மோட்டார்கள் கொண்ட 408இ என்ற இன்ஜினை லயனல் அந்தப் பெட்டிகளுடன் கொடுக்க வேண்டியதாயிற்று.

கண்ணுக்குப் பொருந்தியது இயற்பியலுக்குப் பொருந்தவில்லை.

கிட்டத்தட்ட நூறு ஆண்டுகள் கழிந்த பிறகும், பழைய பொம்மை ரயில்களைச் சேகரிப்பவர்கள் இதே சிக்கலைச் சந்திக்கிறார்கள். இன்ஜின் ஓரிடத்தில் கிடைக்கும், பெட்டிகள் வேறோர் இடத்தில் கிடைக்கும். தண்டவாளம் வீட்டு வரவேற்பறையின் அளவுக்கு ஏற்ப வளைந்திருக்கும். மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து ஓடுமா? வாங்கிய பிறகு ஓடவில்லையென்றால் காசும் போச்சு. ஓட வைக்கிறேன் என்று பெட்டியை வெட்டி ஒட்டினால், எண்பது ஆண்டுகள் பிழைத்து வந்த ஒரு பொருளும் போச்சு.

வாங்குவதற்கு முன்பே விடை காண ஐந்து கேள்விகள் உதவும். ஐந்துக்கும் விடை தேட நீங்கள் பள்ளியில் படிக்கும் கணிதமும் இயற்பியலுமே போதும்.

1. தண்டவாளத்தில் உட்காருமா?

மலேசியாவின் கேடிஎம் ரயில் ஓடும் தண்டவாளங்களுக்கு இடையே உள்ள அகலம் 1,000 மில்லிமீட்டர். சிங்கப்பூர் எம்ஆர்டியின் வடக்கு-தெற்குத் தடத்தில் அது 1,435 மில்லிமீட்டர். ஒன்றின் பெட்டியை மற்றதில் ஓட்ட முடியாது. இந்த அகலத்தைத்தான் 'கேஜ்' என்கிறோம்.

பொம்மை ரயில்களிலும் அப்படியே. ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் 1891இல் லைப்ஸிக் சந்தையில் எண்ணிட்ட கேஜ் அளவுகளை அறிமுகப்படுத்தியது. அமெரிக்காவில் லயனல் 1906இல் 54 மி.மீ. அகலத்தில் தனக்கென்று ஓர் அளவை வைத்துக்கொண்டு அதற்கு 'ஸ்டாண்டர்ட் கேஜ்' என்று பெயரிட்டது. 1915இல் 32 மி.மீ. அகலமுள்ள 'ஓ கேஜ்' ரயில்களையும் விற்கத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, அமெரிக்கன் ஃபிளையர் ரயில்கள் சுமார் 22.5 மி.மீ. அகலமுள்ள 'எஸ் கேஜ்' அளவுக்கு மாறின. ஆகவே, முதல் வேலை ஓர் அளவுகோலை எடுத்துச் சக்கரங்களின் இடைவெளியை அளப்பது.

அகலம் பொருந்தினால் மட்டும் போதாது. லயனல் ஓ கேஜ் தடத்தில் மூன்று தண்டவாளங்கள் உண்டு. நடுவிலிருக்கும் தண்டவாளத்தின் வழியாக மின்சாரம் வந்து, வெளித் தண்டவாளங்களின் வழியாகத் திரும்புகிறது. வெளித் தண்டவாளங்கள் இரண்டும் மின்சுற்றின் ஒரே முனையைச் சேர்ந்தவை. அதனால் பெட்டியின் இரு சக்கரங்களும் அவற்றை இணைக்கும் அச்சும் முழுக்க உலோகமாக இருந்தாலும் பிரச்சினையில்லை.

அதே பெட்டியை இரண்டு தண்டவாளங்கள் மட்டும் உள்ள தடத்தில் வைத்தால் என்ன ஆகும்? அங்கே ஒரு தண்டவாளம் ஒரு முனை, அடுத்தது மறு முனை. உலோக அச்சு இரண்டையும் நேராக இணைத்துவிடும். உடனே குறுக்குச் சுற்று! இன்ஜினுக்குப் போக வேண்டிய மின்சாரம் பெட்டியின் அச்சு வழியாகவே பாய்ந்துவிடும்.

பெட்டிகளை இணைக்கும் கொக்கியையும் பார்க்க வேண்டும். லயனல் 1945இல், உண்மையான ரயிலில் இருப்பதைப் போல மூடிய கைவிரல் வடிவக் கொக்கிகளுக்கு மாறியது. அதற்கு முன் வந்த பெட்டிகளில் தகரத்தாலான வேறு வகைக் கொக்கிகள் இருந்தன. அவை இரண்டும் ஒன்றோடொன்று மாட்டாது. 1938 இன்ஜினும் 1948 பெட்டியும் ஒரே நிறுவனத்தின் பெயரைத் தாங்கியிருக்கலாம். ஆனாலும் கைகோக்காது.

2. வளைவில் திரும்புமா?

நேரான தடத்தில் எல்லாப் பெட்டிகளும் நன்றாகவே ஓடும். சோதனை வளைவில்தான்.

லயனல் தடங்களில் ஓ-27, ஓ-31, ஓ-72 என்ற பெயர்களைப் பார்க்கலாம். அந்த எண், தடத்தை முழு வட்டமாகப் பூட்டினால் கிடைக்கும் விட்டத்தை ஏறக்குறைய அங்குலத்தில் சொல்கிறது. ஓ-27 வட்டத்தின் விட்டம் 27 அங்குலம், அதாவது ஆரம் சுமார் 340 மி.மீ. சாப்பாட்டு மேசைமேல் அடங்கிவிடும். ஓ-72 வட்டத்தின் ஆரம் சுமார் 914 மி.மீ. அதற்கு அறையின் பாதி வேண்டும்.

பயணிகள் பெட்டியின் அடியில் முன்னும் பின்னும் ஒவ்வொரு சக்கரத் தொகுதி இருக்கும். அவை சுழல் ஆணியில் திரும்பக்கூடியவை. சக்கரங்கள் வளைவைப் பின்பற்றிப் போகும். பெட்டியின் உடல் வளையாது. ஆகவே, இரு ஆணிகளுக்கும் நடுவிலுள்ள பகுதி வளைவின் உட்பக்கம் தள்ளி நிற்கும். ஆணிகளுக்கு அப்பால் இருக்கும் முனைகள் வெளிப்பக்கம் நீளும்.

உட்பக்கம் எவ்வளவு தள்ளும்? வட்டத்தில் ஒரு நாண் வரைவதாக எண்ணிக்கொள்ளுங்கள். இரு சுழல் ஆணிகளும் நாணின் இரு முனைகள். பைதாகரஸ் தேற்றத்தைப் பயன்படுத்தினால் எளிமையான தோராய வாய்பாடு ஒன்று கிடைக்கும்:

உட்பக்கத் தள்ளல் = (ஆணிகளின் இடைவெளி × ஆணிகளின் இடைவெளி) ÷ (8 × வளைவின் ஆரம்)

மூன்று கணக்குகளைப் போட்டுப் பார்ப்போம்.

நீளமான பெட்டி, இடைவெளி 250 மி.மீ., ஆரம் 340 மி.மீ. என்றால் 62,500 ÷ 2,720 = சுமார் 23 மி.மீ.

அதே பெட்டி, ஆரம் 914 மி.மீ. என்றால் 62,500 ÷ 7,312 = சுமார் 8.5 மி.மீ.

குட்டையான பெட்டி, இடைவெளி 150 மி.மீ., ஆரம் 340 மி.மீ. என்றால் 22,500 ÷ 2,720 = சுமார் 8.3 மி.மீ.

இரண்டாவது விடையையும் மூன்றாவது விடையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். குறுகிய வளைவில் குட்டைப் பெட்டி ஓடுவதும், அகன்ற வளைவில் நெட்டைப் பெட்டி ஓடுவதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பெட்டி நீளமா குட்டையா என்பதை மட்டும் தனியாகக் கேட்பதில் பொருளில்லை. எந்த வளைவில் என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

பழைய லயனல் பட்டியலில் இரண்டு விதப் பெட்டிகளும் இருந்ததற்குக் காரணம் இதுதான். 1948இல் வந்த மேப்பிள்வுட், ஹில்சைட், சாத்தம் ஆகிய பச்சைப் பெட்டிகள் சுமார் 25 செ.மீ. நீளமே உடையவை. மேசைமேல் ஓடும் சிறு வட்டத்துக்கு ஏற்றவை. அதே காலத்தில் வந்த மேடிசன், இர்விங்டன், மன்ஹாட்டன் பெட்டிகள் 35 செ.மீட்டருக்கும் மேல். அவற்றுக்குப் பெரிய வளைவு இருந்தால்தான் அழகு.

23 மி.மீ. தள்ளினால் என்ன நடக்கும்? தடத்தின் ஓரத்தில் வைத்த சிக்னல் கம்பத்தைப் பெட்டியின் வயிறு தட்டிவிடும். இரட்டைத் தடம் போட்டிருந்தால், உள் தடத்துப் பெட்டியின் முனையும் வெளித் தடத்துப் பெட்டியின் நடுவும் உரசும். நெட்டைப் பெட்டிக்குப் பக்கத்தில் குட்டைப் பெட்டியை மாட்டினாலும் தொல்லைதான். வளைவில் ஒன்றின் முனை அதிகமாகவும் மற்றதன் முனை குறைவாகவும் வெளியே நீளும். நடுவிலிருக்கும் கொக்கி பக்கவாட்டில் இழுபட்டு, எடை குறைந்த பெட்டியைத் தடத்திலிருந்து தள்ளிவிடும்.

நீங்களே செய்து பாருங்கள்

பெரிய மஹ்ஜோங் தாள் ஒன்றில், நூலும் பென்சிலும் கொண்டு 34 செ.மீ. ஆரத்தில் ஒரு வில் வரையுங்கள். தடித்த அட்டையில் 38 செ.மீ. நீளமும் 6 செ.மீ. அகலமும் உள்ள ஒரு துண்டை வெட்டுங்கள். அதுதான் உங்கள் பயணிகள் பெட்டி. நடுக்கோட்டில் 25 செ.மீ. இடைவெளியில் இரண்டு துளைகள் போடுங்கள். இரு துளைகளும் எப்போதும் வில்லின் மேலேயே இருக்கும்படி அட்டையை மெல்ல நகர்த்துங்கள். அட்டையின் நடுப்பகுதி எவ்வளவு உள்ளே வருகிறது, முனைகள் எவ்வளவு வெளியே போகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அட்டையைச் சிறிதாக வெட்டி மறுபடியும் செய்யுங்கள். ஒரு ரயிலும் வாங்காமலே, எந்தப் பெட்டி உங்கள் வளைவுக்கு ஏற்றது என்று தெரிந்துவிடும்.

3. இழுக்க முடியுமா?

இப்போது 381இ இன்ஜினுக்குத் திரும்புவோம்.

இன்ஜின் பெட்டிகளை இழுப்பது சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையிலுள்ள உராய்வினால். உராய்வு கூடாது என்று எண்ணெய் போடுகிறோமே, அது அச்சில். சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் இடத்தில் உராய்வு கட்டாயம் வேண்டும். அது இல்லையென்றால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும்.

அந்தப் பிடிப்பின் உச்ச அளவு இரண்டைப் பொறுத்தது: மோட்டார் சுழற்றும் சக்கரங்கள் தாங்கும் எடை, உராய்வுக் கெழு. இன்ஜினின் முழு எடை கணக்கில் வராது. மோட்டாரோடு இணைந்த சக்கரங்கள் தாங்கும் எடை மட்டுமே உதவும்.

381இ இன்ஜினில் முன்னால் நான்கு சிறு சக்கரங்கள், நடுவில் நான்கு பெரிய சக்கரங்கள், பின்னால் நான்கு சிறு சக்கரங்கள். நடுவிலுள்ள நான்கை மட்டும்தான் ஒரே மோட்டார் சுழற்றியது. சிறு சக்கரங்கள் தாங்கிய எடை இழுவைக்கு உதவவில்லை. 408இ இன்ஜினிலோ எட்டுச் சக்கரங்கள், இரண்டு மோட்டார்கள். எட்டும் சுழல்பவை. இன்ஜினின் எடை முழுவதும் இழுவைக்குப் பயன்பட்டது.

புரிந்துகொள்வதற்காக எளிய எண்களை வைத்துக் கணக்குப் பார்ப்போம். இன்ஜினின் நிறை 2.5 கிலோகிராம் என்றும், அதில் 2 கிலோகிராம் மட்டும் சுழலும் சக்கரங்களின் மேல் இருக்கிறது என்றும் கொள்வோம். உராய்வுக் கெழு 0.2. அப்படியானால் உச்ச இழுவிசை 2 × 10 × 0.2 = 4 நியூட்டன். 2.5 கிலோகிராமும் சுழலும் சக்கரங்களின் மேல் இருந்தால் 5 நியூட்டன்.

அடுத்து பெட்டிகள். ஒவ்வொன்றும் 1.5 கிலோகிராம், மொத்தம் நான்கு. நேர்த் தடத்தில் பெட்டியின் எடையில் 4 விழுக்காடு எதிர்ப்பாக இருக்கிறது என்று கொண்டால், 6 × 10 × 0.04 = 2.4 நியூட்டன். இரண்டு இன்ஜின்களும் இழுத்துவிடும். குறுகிய வளைவில் சக்கர விளிம்புகள் தண்டவாளத்தை உரசுவதால் எதிர்ப்பு கூடும். அது இரு மடங்கானால் 4.8 நியூட்டன். இப்போது முதல் இன்ஜினின் சக்கரம் வழுக்கும், இரண்டாவது தாண்டிவிடும். ரயில் வளைவில் மட்டும் நின்றுபோவதற்கு இதுவே காரணம்.

திணறலில் இரண்டு வகை உண்டு. சக்கரம் சுழன்றுகொண்டே இன்ஜின் நகராமல் நின்றால் பிடிப்பு போதவில்லை. சக்கரமும் நின்று மோட்டார் 'உம்ம்' என்று முனகினால் மோட்டாரின் வலிமை போதவில்லை. முதல் வகைக்கு எடை கூட்டலாம். இரண்டாம் வகைக்கு எடை கூட்டினால் மோட்டார் இன்னும் சூடேறும். உடனே மின்சாரத்தை நிறுத்துவதே நல்லது.

பொம்மை நிறுவனங்கள் பிடிப்பைக் கூட்ட வேறு வழிகளையும் கண்டன. லயனல் 1950ஆம் ஆண்டு ரயில்களில் இன்ஜின் சக்கரங்களைக் காந்தமாக்கியது. இரும்புத் தண்டவாளத்தைக் காந்தம் கீழ்நோக்கி இழுப்பதால், எடை கூடாமலே அழுத்தம் கூடியது. அமெரிக்கன் ஃபிளையர் சக்கரத்தைச் சுற்றி ரப்பர் வளையம் போட்டது. ரப்பரின் உராய்வுக் கெழு உலோகத்தைவிட அதிகம். இங்கே ஒரு பொருத்தப் பாடம் இருக்கிறது. காந்தச் சக்கர இன்ஜினை வாங்கிவிட்டு அலுமினியத் தண்டவாளத்தில் ஓட்டினால் காந்தத்தால் பயனில்லை.

பெட்டிகளின் வரிசையும் முக்கியம். வளைவில் இன்ஜின் முன்னே இழுக்க, பின்னாலுள்ள பெட்டிகள் பின்னே இழுக்க, நடுவிலுள்ள பெட்டி வளைவின் உட்பக்கம் சாய முயலும். இரு முனைகளையும் பிடித்து இழுத்த கயிறு நேராக நிமிர்வதைப் போன்றது இது. அதனால், கனமான பெட்டிகளை இன்ஜினுக்கு அருகிலும், இலேசானவற்றைக் கடைசியிலும் மாட்ட வேண்டும்.

நீங்களே செய்து பாருங்கள்

உங்களிடம் எந்தப் பொம்மை வண்டி இருந்தாலும் சரி. ஒரு மீட்டர் நீளமான பலகையின் மேல் அதை வையுங்கள். பலகையின் ஒரு முனையைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி, ஒவ்வொரு முறையும் வண்டியை இலேசாகத் தட்டிவிடுங்கள். தட்டிய பிறகு நிற்காமலும் வேகம் கூடாமலும் சீராக உருண்டால், அந்த உயரத்தை அளந்துகொள்ளுங்கள். 4 செ.மீ. என்றால் எதிர்ப்பு எடையில் சுமார் 4 விழுக்காடு. அச்சைத் துடைத்து ஒரு துளி எண்ணெய் விட்டு மறுபடியும் அளந்து பாருங்கள். புதிய இன்ஜின் வாங்க வேண்டிய தேவையையே அந்த ஒரு துளி போக்கிவிடக்கூடும்.

4. மின்சாரம் போதுமா?

பழைய பயணிகள் பெட்டிகளின் அழகே அவற்றின் சன்னல் வெளிச்சம்தான். அறையின் விளக்கை அணைத்துவிட்டு ஓட்டினால் மனம் அள்ளும். அந்த வெளிச்சத்துக்கு ஒரு விலை உண்டு.

ஒரு பெட்டியில் இரண்டு பல்புகள், ஒவ்வொன்றும் 18 வோல்ட்டில் 0.2 ஆம்பியர் எடுப்பதாகக் கொள்வோம். நான்கு பெட்டிகளுக்கு எட்டுப் பல்புகள், மொத்தம் 1.6 ஆம்பியர். திறன் 18 × 1.6 = 28.8 வாட். லயனலின் 1033 என்ற பழைய மின்மாற்றியின் திறன் 90 வாட். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, ரயில் ஓர் அங்குலம் நகருமுன்பே பல்புகளுக்குப் போய்விடும்!

தவிர, பல்புக்கு மின்சாரம் எடுக்க ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் ஒரு சிறிய உருளை நடுத் தண்டவாளத்தை அழுத்திக்கொண்டே வரும். அதுவும் ஓர் எதிர்ப்புதான். ஆக, விளக்குள்ள பெட்டி இன்ஜினுக்கு இரண்டு வழிகளில் சுமை: மின்சாரத்தைப் பங்குபோடுகிறது, உராய்வையும் கூட்டுகிறது. எல்இடி விளக்குக்கு மாற்றினால் மின்னோட்டம் மிகவும் குறையும். ஆனால், இந்த ரயில்களில் ஓடுவது மாறுதிசை மின்னோட்டம். எல்இடியை நேரடியாகப் பொருத்தக் கூடாது. மின்னோட்டத்தை ஒரு திசைப்படுத்தும் பாகமும் மின்தடையும் வேண்டும்.

இனி நம் ஊரில் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று. அமெரிக்காவில் செய்த பழைய மின்மாற்றி அந்நாட்டின் சுமார் 120 வோல்ட் மின்சாரத்துக்காகச் செய்யப்பட்டது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வீட்டு மின்சாரம் அதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. பிளக்கை மாற்றி நேராகச் செருகினால், மின்மாற்றியின் உள்ளே அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாய்ந்து சுருள் சூடேறிப் புகையும், தீப்பிடிக்கவும் கூடும். பழைய வயர்களைச் சுற்றியுள்ள ரப்பரும் துணியும் காலப்போக்கில் காய்ந்து வெடித்திருக்கும். அதைத் தொடுவதே ஆபத்து.

பழைய மின்மாற்றியை அலமாரியில் காட்சிக்கு வையுங்கள். ஓட்டுவதற்கு, உள்ளூர் மின்சாரத்துக்கென்று செய்யப்பட்டு, மலேசியாவில் சிரிம் முத்திரையோ சிங்கப்பூரில் பாதுகாப்பு முத்திரையோ பெற்ற புதிய மின்மாற்றியைப் பெரியவர்களின் உதவியோடு பயன்படுத்துங்கள்.

5. ஒரே காலத்தைச் சேர்ந்தவையா?

இதுவரை கேட்டவை ஓடுமா என்ற கேள்விகள். இது பார்த்தால் நம்ப முடியுமா என்ற கேள்வி. இதிலும் கணக்கு இருக்கிறது.

அமெரிக்காவில் ஓ கேஜ் மாதிரிகளின் அளவு 48இல் 1 பங்கு. அங்கே 85 அடி நீளமான உண்மையான பயணிகள் பெட்டியை 48ஆல் வகுத்தால் சுமார் 54 செ.மீ. வரும். பழைய லயனல் ஓ கேஜ் பெட்டிகள் எதுவும் அவ்வளவு நீளமில்லை. வேண்டுமென்றே சுருக்கினார்கள். காரணம் நாம் ஏற்கெனவே கண்டதுதான்: வளைவு. உயரமும் அகலமும் ஓரளவு சரியாக இருந்து நீளம் மட்டும் குறைந்தால் கண் பொறுத்துக்கொள்ளும். ஆனால், ஒரே ரயிலில் ஒரு பெட்டி சுருங்கியும் இன்னொன்று முழு நீளத்திலும் இருந்தால் கண் உடனே பிடித்துவிடும். பெட்டிகள் எல்லாம் ஒரே விகிதத்தில் சுருங்கியிருக்க வேண்டும். கூரைகளின் உயரம் ஒரே கோட்டில் வருகிறதா என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

காலமும் பொருந்த வேண்டும். அமெரிக்காவில் 1929 முதல் 1941 வரை ஓடிய 'புளூ காமெட்', அதாவது நீல வால்நட்சத்திரம், என்ற நீல நிற ரயிலை லயனல் 1930இல் பொம்மையாக்கியது. 400இ என்ற நீராவி இன்ஜினுக்கும் பெட்டிகளுக்கும் ஒரே நீல வண்ணக் குடும்பம். பெட்டிகளுக்கு ஃபே, வெஸ்ட்ஃபால், டெம்பல் என்ற பெயர்கள். வால்நட்சத்திரங்களைக் கண்டுபிடித்த வானியலாளர்களின் பெயர்கள் அவை! அந்த இன்ஜினுக்குப் பின்னால், 1950களின் பளபளக்கும் அலுமினியப் பெட்டிகளை மாட்டினால் பாட்டனாரின் வேட்டிக்கு விளையாட்டுக் காலணி போட்டதுபோல் இருக்கும்.

அந்த அலுமினியப் பெட்டிகளுக்கு உரிய துணை டீசல் இன்ஜின். சான்டா ஃபே ரயில்வேயின் சிவப்பு, வெள்ளி வண்ண டீசல் இன்ஜினை லயனல் 1948இல் பொம்மையாக்கியது. அதற்கு ஏற்ற நீண்ட அலுமினியப் பெட்டிகள் 1952இல்தான் வந்தன. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த இன்ஜினை வாங்கியவர்கள் சரியான பெட்டிக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. பொருத்தம் தேடுவது இன்றைய சேகரிப்பாளர்களின் தவிப்பு மட்டுமன்று.

வெட்டாமல் பொருத்துங்கள்

ஐந்து கேள்விகளில் ஒன்றுக்கு 'இல்லை' என்று விடை வந்தால் என்ன செய்வது? பலருக்கு முதலில் கை போவது அரத்துக்கும் கத்தரிக்கும். கொக்கியை வெட்டுவது, அடிப்பகுதியைத் தேய்ப்பது, பழைய வண்ணத்தைச் சுரண்டிப் புது வண்ணம் பூசுவது.

இதில் இரண்டு இழப்புகள். பழைய வண்ணப்பூச்சில் ஈயம் கலந்திருக்கலாம். தேய்க்கும்போது பறக்கும் தூசி உடலுக்கு நஞ்சு. அதனால் பழைய பொம்மையைத் தேய்க்கவோ சுரண்டவோ கூடாது, தொட்ட பிறகு கையைக் கழுவ வேண்டும். இன்னோர் இழப்பு, வெட்டிய தகரம் மறுபடியும் முளைக்காது என்பது. திரும்பக் கழற்றக்கூடிய மாற்றங்களை மட்டும் செய்யுங்கள். ஒரு முனையில் பழைய கொக்கியும் மறு முனையில் புதிய கொக்கியும் உள்ள ஒரு சாதாரணச் சரக்குப் பெட்டியை இடையில் விட்டால், 1938 இன்ஜினும் 1948 பெட்டியும் சேர்ந்து ஓடும். எதையும் வெட்ட வேண்டியதில்லை.

நம் ஊர்க் காற்றின் ஈரப்பதமும் இந்தப் பொம்மைகளுக்குப் பகை. தகரம் துருப்பிடிக்கும். 1920களிலும் 1930களிலும் துத்தநாகக் கலவையில் வார்த்த சக்கரங்களுக்கு இன்னொரு நோய் உண்டு. அன்று அந்தக் கலவையில் சிறிதளவு ஈயம் கலந்துவிட்டால், உலோகத்தின் நுண்ணிய படிகங்களுக்கு இடையே அரிப்பு தொடங்கும். உலோகம் மெல்ல வீங்கி, வெடித்து, கடைசியில் பிஸ்கட்டைப் போல நொறுங்கும். சூடும் ஈரமும் அதை விரைவுபடுத்தும். இதற்கு மருந்து இல்லை. சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப் புகாத பெட்டியில் வைத்தால் தள்ளிப்போடலாம். வாங்கும்போது சக்கரங்களில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பது அதனால்தான்.

எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

381இ இன்ஜின் மோசமான இன்ஜின் அன்று. இரண்டு பெட்டிகளைக் கொடுத்திருந்தால் மகிழ்ச்சியாக ஓடியிருக்கும். அந்த நான்கு பெட்டிகளும் மோசமானவை அல்ல. லயனல் செய்தவற்றுள் மிக அழகானவை என்று இன்றும் பலர் போற்றுகிறார்கள். தவறு இரண்டையும் சேர்த்ததில்தான் இருந்தது.

எந்தத் தொகுதியின் எல்லையையும் அதன் மிகப் பலவீனமான இடமே முடிவு செய்கிறது. ரயிலுக்கு அது சில வேளை வளைவாக இருக்கும், சில வேளை சக்கரத்தின் பிடிப்பாக இருக்கும், சில வேளை மின்மாற்றியாக இருக்கும். வலுவான பாகத்தை இன்னும் வலுவாக்கினால் பணம்தான் செலவாகும். வளைவில் இடிக்கும் ரயிலுக்கு இரண்டாவது மோட்டார் எதற்கு?

எனவே, பழைய பயணிகள் பெட்டி ஒன்று எங்காவது உங்கள் கண்ணில் பட்டால், விலையைக் கேட்பதற்கு முன் மூன்றை அளந்துகொள்ளுங்கள்: சக்கரங்களின் அகலம், சுழல் ஆணிகளின் இடைவெளி, பெட்டியின் எடை. வீட்டுக்கு வந்து உங்கள் தடத்தின் மிகக் குறுகிய வளைவின் ஆரத்தை அளந்து, கணக்கைப் போட்டுப் பாருங்கள். விடை சரியாக வந்தால், அடுத்த முறை போகும்போது விலையைக் கேட்கலாம்.